பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி: உரம் போட்டால் செத்துப் போகும்!

செடியை ஆடு தின்னும். மாடு தின்னும். பூச்சியும் தின்னும். ஆனால் பூச்சியையே தின்னும் செடி ஒன்று உண்டு. அது ஒரு கொடி. அதன் பெயர் குடுவைச் செடி.

இந்தக் கொடி இந்தியாவிலும் இருக்கிறது. மேகாலயா மாநிலத்து மலைகளில் புதர்களைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. இலங்கையின் மழைக் காடுகளிலும் ஒரு வகை உண்டு. மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில்தான் இதன் சொந்த பந்தம் அதிகம். உலகம் முழுவதும் 150-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன.

காட்டில் இருந்த கொடி இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. பெரிய நகரங்களில் நர்சரிகளில் தொங்கு தொட்டியில் வைத்து விற்கிறார்கள். பச்சையும் சிவப்புமாகக் குடுவைகள் வரிசையாகத் தொங்கும். அதைப் பார்த்துவிட்டு விலை கேட்காமல் நடப்பது கஷ்டம்.

ஆசையாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். நல்ல செம்மண்ணாகப் பார்த்து தொட்டியை நிரப்புகிறார்கள். தொழு உரம் வைக்கிறார்கள். தினமும் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள். முதலில் குடுவைகள் கருகுகின்றன. பிறகு இலை கருகுகிறது. சில மாதங்களில் செடியே போய்விடுகிறது.

கவனிப்பு குறைந்ததால் செத்ததா? இல்லை. கவனிப்பு கூடிப் போனதால் செத்தது!

இலைதான் குடுவை

குடுவையைப் பூ என்று பலர் நினைக்கிறார்கள். அது பூ அல்ல. காயும் அல்ல. அது இலையின் ஒரு பகுதி.

இலையின் நடு நரம்பு, நுனியைத் தாண்டி நூல் போல நீளுகிறது. அந்த நூலின் முனை மெல்ல வீங்குகிறது. கடுகு அளவு, பட்டாணி அளவு, விரல் அளவு என்று வளர்ந்து குடுவை ஆகிறது. அதற்கு ஒரு மூடியும் உண்டு. முழு வளர்ச்சி அடையும் வரை மூடி இறுக்கமாக ஒட்டியிருக்கும். அதற்குள் தண்ணீர் போன்ற ஒரு திரவம் ஊறிவிடும். பிறகு ஒரு நாள் மூடி திறக்கும்.

பூச்சி விழுந்ததும் மூடி 'படார்' என்று மூடிக்கொள்ளும் என்று சொல்வது கட்டுக்கதை. ஒரு முறை திறந்த மூடி மறுபடி மூடுவதே இல்லை. உள்ளே இருக்கும் திரவம் மழையில் கரைந்து போகாமல் அது குடை பிடிக்கிறது.

அப்படியானால் பூச்சி எப்படி மாட்டிக்கொள்கிறது?

குடுவையின் விளிம்பில் தேன் சுரக்கிறது. எறும்பும் ஈயும் தேனுக்கு வருகின்றன. விளிம்பு காய்ந்திருக்கும்போது அவை பத்திரமாக நடக்கின்றன. விளிம்பில் ஈரம் படிந்துவிட்டாலோ, கால் நிற்காது. தண்ணீர் தேங்கிய சிமெண்டுத் தரையில் செருப்பு வழுக்குவது போல வழுக்கும். 2004-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. காலையில் தேன் குடித்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பிய எறும்பு, மழைக்குப் பிறகு தன் கூட்டத்தோடு வந்து விழுந்துவிடுகிறது!

விழுந்தது மேலே ஏற முடியாது. பல வகைகளில் குடுவையின் உட்சுவரில் மெழுகு பூசியது போல இருக்கும். உள்ளே இருக்கும் திரவத்தில் புளிப்புத் தன்மை உண்டு. மனிதன் வயிற்றில் உணவைக் கரைக்கும் சாறு போன்ற சாறும் உண்டு. பூச்சி மெல்லக் கரைந்து செடிக்கு உணவாகிறது.

இது கற்பனை அல்ல. 1874-ம் ஆண்டில் ஜோசப் ஹூக்கர் என்ற ஆங்கிலேயத் தாவர நிபுணர் இதைச் சோதித்துச் சொன்னார். அவர் சார்லஸ் டார்வினின் நண்பர். அவித்த முட்டையின் வெள்ளைக் கருவைச் சிறு துண்டுகளாக வெட்டிக் குடுவைக்குள் போட்டார். ஒரு நாளைக்குள் துண்டுகளின் ஓரம் கரையத் தொடங்கிவிட்டது.

ஏழை மண்ணின் பிள்ளை

செடிக்கு ஏன் இந்தப் புலால் ஆசை?

இந்தக் கொடி வளரும் இடம் அப்படி. ஓயாத மழையில் மண்ணின் சத்தெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவாகவே இருக்கும். மற்றச் செடிகள் அங்கே தடுமாறும். குடுவைச் செடி வேறு வழி கண்டுபிடித்தது. மண்ணில் கிடைக்காததைப் பூச்சியிடம் எடுத்துக்கொண்டது.

அதன் வேரைப் பார்த்தால் விஷயம் விளங்கும். கறுப்பாக, மெல்லியதாக, கொஞ்சமாக இருக்கும். (வேர் கறுத்திருப்பதைப் பார்த்து அழுகிவிட்டது என்று தூக்கி எறிபவர்கள் உண்டு. அதன் இயற்கை நிறமே அதுதான்.) அந்த வேர் உப்பையும் உரத்தையும் தாங்காது. வயிறு காய்ந்து பழகியவனுக்கு ஒரே நாளில் நெய்ச் சோறு போட்டால் என்ன ஆகும்? அதே கதிதான்.

ஆகவே தோட்ட மண் கூடாது. சாணம் கூடாது. கடையில் விற்கும் எந்த உரத்தையும் வேரில் போடக் கூடாது.

பிறகு எதில் நடுவது? 'ஸ்பேக்னம்' என்ற பாசியைக் காய வைத்து நர்சரிகளில் விற்கிறார்கள். அதை ஊற வைத்து, 'பெர்லைட்' என்ற வெள்ளைக் குருணையோடு கலந்து நடுவது நல்லது. பாசியின் விலை அதிகம் என்று நினைப்பவர்கள் தேங்காய் மட்டைத் துண்டுகளைக் கலந்துகொள்ளலாம். ஆனால் மட்டையில் உப்பு இருக்கும். நாலைந்து தடவை நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு, பிழிந்து கொட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். தொட்டியின் அடியில் நிறைய ஓட்டை இருக்க வேண்டும்.

தண்ணீரில்தான் வெற்றி

தண்ணீர் விஷயத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்றுப் போகிறார்கள்.

ஆழ்குழாய்த் தண்ணீர் பல ஊர்களில் உப்பாக இருக்கிறது. கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது அந்த உப்புத்தான். தினமும் அதை ஊற்றினால் பாசியிலும் அதே வெள்ளை படியும். முதலில் இலையின் ஓரம் கருகும். அப்புறம் புதுக் குடுவை வருவது நின்றுவிடும்.

இதற்கு ஏற்றது மழைத் தண்ணீர். மழைக் காலத்தில் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, மூடி போட்ட கேனில் வைத்துக்கொள்ள வேண்டும். திறந்து வைத்தால் கொசு முட்டையிடும். மழை இல்லாத நாட்களில் 'ஆர்.ஓ.' இயந்திரத்துத் தண்ணீர் ஊற்றலாம். ஆனால் சில இயந்திரங்கள் ருசிக்காகத் தாது உப்பை மறுபடியும் சேர்க்கின்றன. அந்தத் தண்ணீர் மனிதர்களுக்குச் சரி, இந்தச் செடிக்குச் சரியல்ல. பாட்டரிக்கு ஊற்றும் வடிநீரும் உதவும்.

எவ்வளவு ஊற்றுவது? துணியைப் பிழிந்த பிறகு இருக்கும் ஈரம் போதும். மேலே ஊற்றினால் அடியில் வடிய வேண்டும். வடிந்த தண்ணீர் தட்டில் நிற்கக் கூடாது. நின்றால் வேர் அழுகும். கோடையில் தினமும் ஊற்ற வேண்டி வரும். மழைக் காலத்தில் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை போதும். விரலை வைத்துப் பார்த்தாலே தெரியும். நாள் கணக்கு தேவையில்லை.

குடுவைக்குள் இருக்கும் திரவத்தைக் கொட்டக் கூடாது. அது செடியின் வயிறு. வாங்கி வரும் வழியில் கொட்டிவிட்டால், மழைத் தண்ணீரை ஒரு சிறு கரண்டி அளவு விட்டு வைக்கலாம். விளிம்பு வரை நிரப்பிவிடக் கூடாது.

காற்றில் ஈரம் வேண்டும்

தொட்டியில் ஈரம் இருந்தால் மட்டும் போதாது. காற்றிலும் ஈரம் வேண்டும். இலை வருகிறது, நூல் நீளுகிறது, குடுவை மட்டும் வரவில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். நூலின் முனை காய்ந்து போயிருந்தால், பெரும்பாலும் காற்றில் ஈரம் போதவில்லை என்று அர்த்தம்.

குளிர்சாதன அறை இதற்கு எதிரி. அந்த இயந்திரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. மின்விசிறிக்கு நேர் கீழே வைப்பதும் தப்பு.

இந்தத் தொல்லைக்கு வழி கண்டவர் ஒரு டாக்டர். அவருடைய பெயர் நத்தானியேல் வார்டு. லண்டனில் கப்பல் துறைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தார். செடி வளர்ப்பதில் அவருக்குப் பைத்தியம். ஆனால் நிலக்கரிப் புகையில் அவர் வைத்த செடியெல்லாம் செத்துக்கொண்டே இருந்தன.

1829-ம் ஆண்டில் அவர் ஒரு கூட்டுப்புழுவைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு வைத்தார். அது அந்துப்பூச்சி ஆவதைப் பார்க்க ஆசை. புட்டியின் அடியில் ஈர மண் போட்டு, மேலே மூடினார். சில நாளில் அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாக முளைத்தன! வெளியே எத்தனையோ பாடுபட்டும் பிழைக்காத பெரணி, மூடிய புட்டிக்குள் தளதளவென்று வளர்ந்தது. பகலில் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படியும். பிறகு அதே ஈரம் வழிந்து மண்ணுக்குத் திரும்பும். ஏறத்தாழ நாலு வருஷம் அந்தச் செடிகள் தண்ணீர் ஊற்றாமலே உயிரோடு இருந்தன.

டாக்டர் அதையே பெரிதாகக் கண்ணாடிப் பெட்டியாகச் செய்தார். 1833-ம் ஆண்டில் அப்படிப்பட்ட பெட்டிகளில் செடிகளை வைத்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் அனுப்பினார். மாதக் கணக்கில் கடலில் போன செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. வெப்ப நாட்டுக் காட்டுச் செடிகள் ஐரோப்பிய வீடுகளுக்குள் புகுந்ததற்கு இந்தப் பெட்டி ஒரு பெரிய காரணம்.

இன்றும் அதே வித்தை பலிக்கிறது. வீட்டில் மீன் வளர்த்துவிட்டுச் சும்மா போட்டு வைத்த கண்ணாடித் தொட்டி இருக்கும். அதன் அடியில் கூழாங்கல் பரப்பி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, கல்லின் மேல் செடித் தொட்டியை வைக்கலாம். தண்ணீர் தொட்டியின் அடியைத் தொடக் கூடாது. மேலே முக்கால் பாகம் கண்ணாடியால் மூடினால் போதும். முழுக்க மூடி வெயிலில் வைத்தால் செடி வெந்துவிடும். கண்ணாடித் தொட்டி இல்லாதவர்கள் வெளிச்சமான குளியலறை ஜன்னலில் வைக்கலாம். நாலைந்து தொட்டிகளை நெருக்கி வைத்தாலும் ஒன்றின் மூச்சு மற்றொன்றுக்கு உதவும்.

வெளிச்சம் நிறைய வேண்டும். கிழக்கு ஜன்னலில் காலை வெயில் படலாம். நடுப்பகல் வெயில் கூடாது. இலை கரும்பச்சையாக நீண்டு, குடுவையே வராவிட்டால் இருட்டில் இருக்கிறது என்று பொருள். இலை முழுவதும் சிவந்தால் வெயில் அதிகம்.

ராஜாவுக்குக் குளிர் வேண்டும்

எல்லாக் குடுவைச் செடிக்கும் ஒரே சூடு ஒத்துக்கொள்ளாது. வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போர்னியோ தீவில் கினபாலு என்ற மலை இருக்கிறது. உயரம் 4,095 மீட்டர். 1858-ம் ஆண்டில் ஹியூ லோ, ஸ்பென்சர் செயின்ட் ஜான் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் அந்த மலையில் ஏறினார்கள். அங்கே தரையில் சாய்ந்து கிடந்த பிரம்மாண்டமான குடுவைகளைப் பார்த்தார்கள். ஒரு குடுவைக்குள் எலி ஒன்று மூழ்கிச் செத்துக் கிடந்தது! சரவாக் நாட்டை அப்போது ஆண்ட ராஜாவான ஜேம்ஸ் புரூக்கின் நினைவாக, அந்தச் செடிக்கு 'ராஜா' என்றே பெயர் வைத்தார்கள். அதன் பெரிய குடுவை 3 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

எலி விழுவது அபூர்வம். மலை அணில் போன்ற ஒரு பிராணி அதன் மூடியில் சுரக்கும் இனிப்பை நக்க வரும். நக்கிக்கொண்டே குடுவைக்குள் எச்சம் போட்டுவிட்டுப் போகும். செடிக்கு அதுவே உரம். போர்னியோவின் வேறொரு வகைக் குடுவையில் சிறிய வௌவால் பகலில் தூங்குகிறது. அதன் எச்சத்திலிருந்து அந்தச் செடி தன் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பெறுவதாக 2011-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. வாடகை கொடுக்கும் குடித்தனக்காரர் என்று வௌவாலைச் சொல்லலாம்.

ராஜாவை வீட்டில் வளர்க்க முடியுமா? சென்னையிலோ மதுரையிலோ முடியாது. உயர்ந்த மலையில் இருப்பதால் இரவில் அதற்கு நல்ல குளிர் வேண்டும். சமவெளி வீட்டுக்கு ஏற்றது பிலிப்பைன்ஸ் நாட்டு வகைகளைக் கலந்து உண்டாக்கிய 'வென்ட்ரேட்டா' என்ற கலப்பினம். விலையும் குறைவு. முதல் முறை வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

எறும்பு ஒன்று போதும்

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்தச் செடிக்கு வயிற்று வலிதான். ஆளுக்கு ஒரு பிடி சோறு, பிஸ்கட், பால், கறித்துண்டு என்று போட்டுவிடுவார்கள். குடுவை நாறிப் போகும். கறுத்து விழும்.

ஜன்னலோரத்தில் இருக்கும் செடி தானாகவே எறும்பும் ஈயும் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதற்கு மட்டும் கையால் கொடுக்கலாம். மாதம் ஒரு முறை, ஒரு குடுவைக்கு ஓர் எறும்போ சிறு ஈயோ போதும். மருந்து அடித்துச் செத்த பூச்சியைப் போடக் கூடாது. ஒன்றுமே போடாவிட்டாலும் உடனே சாகாது. கொஞ்சம் மெதுவாக வளரும்.

'இதை வாங்கி வைத்தால் வீட்டில் கொசுவே இருக்காது' என்று சில வியாபாரிகள் சொல்கிறார்கள். நம்ப வேண்டாம். ஒன்றிரண்டு கொசு விழலாம். அவ்வளவுதான். காட்டில் சில ஜாதிக் கொசுக்களின் புழுக்கள் இந்தக் குடுவைக்குள்ளேயே நீந்தி வளர்கின்றன. அந்தச் சாறு அவற்றை ஒன்றும் செய்வதில்லை!

குடுவை சில மாதங்கள் இருந்துவிட்டு மேலிருந்து காயும். அது நோயல்ல, வயது. காய்ந்த குடுவையை மட்டும் கத்தரிக்க வேண்டும். இலை பச்சையாக இருந்தால் விட்டுவிட வேண்டும்.

பேயின் கூடை

இந்தியாவில் இயற்கையாக வளரும் குடுவைச் செடி ஒரே ஒரு வகைதான். மேகாலயாவின் காசி, ஜைந்தியா, காரோ மலைகள்தான் அதன் வீடு. காசி மக்கள் அதற்கு 'அரக்கப் பூ' என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். காரோ மக்கள் 'மெமாங் கோக்சி' என்கிறார்கள். பேயின் கூடை என்று அர்த்தம். மூடி திறக்காத இளங்குடுவையின் திரவத்தைக் கண் நோய்க்குச் சொட்டு மருந்தாக விடுவது அந்த மலை மக்களின் பழைய வைத்தியம்.

பேய்க்குப் பயந்து செடியைத் தொடாமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. காட்டை வெட்டினார்கள். நிலக்கரிக்காக மலையைத் தோண்டினார்கள். மிச்சம் இருந்ததை விற்பதற்காக வேரோடு பிடுங்கினார்கள்.

பிடுங்குவதால் வரும் நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரியது. இந்தக் கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் கொடியில் ஆண் பூ மட்டுமே பூக்கும். பெண் கொடியில் பெண் பூ மட்டுமே பூக்கும். ஒரு சரிவில் பத்துக் கொடி இருந்து, எட்டைப் பிடுங்கிவிட்டால், மிஞ்சிய இரண்டும் ஒரே இனமாக இருந்துவிடலாம். அதற்குப் பிறகு அந்தச் சரிவில் விதை ஏது?

அழிவு அபாயத்தில் உள்ள செடிகளின் பட்டியலில் இது சேர்ந்துவிட்டது. உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, காட்டில் எடுத்த இந்தச் செடியை நாடு விட்டு நாடு விற்கத் தடை இருக்கிறது. கினபாலு மலையின் ராஜாவும் அதே கடுமையான பட்டியலில் உள்ளது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-ல் ஒரு திருத்தம் செய்தார்கள். அதன்படி மேகாலயாவின் குடுவைச் செடியைக் காட்டில் பிடுங்குவது குற்றம். அனுமதிச் சீட்டு இல்லாமல் பயிரிடுவதும் விற்பதும் கூடாது. தெற்கு காரோ மலையில் பாக்மாரா என்ற ஊருக்குப் பக்கத்தில், இந்தச் செடிக்காகவே ஒரு சரணாலயம் இருக்கிறது. பரப்பு சுமார் 2 ஹெக்டேர்தான். யானைக்கும் புலிக்கும் ஏற்படுத்திய சரணாலயங்களைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு தோப்பு போலத் தோன்றும்.

போர்னியோவில் கெலாம் என்ற ஒற்றைப் பாறை மலையில் மட்டும் ஒரு வகை உண்டு. அதன் குடுவை புனல் போல விரிந்திருக்கும். அந்த அழகே அதற்கு எமன் ஆயிற்று. வெளிநாட்டு ஆசைக்காரர்களுக்காகப் பிடுங்கிப் பிடுங்கி, காட்டில் அது இப்போது விரல் விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்டது.

நர்சரியில் பிறந்த செடிக்கும் காட்டில் பிடுங்கிய செடிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். நர்சரிச் செடியின் இலைகள் ஒரே சீராக இருக்கும். வேர் தொட்டி நிறையப் பரவியிருக்கும். காட்டுச் செடிக்குத் தண்டு தடித்து முற்றியிருக்கும். இலையில் பூச்சி கடித்த ஓட்டையும் பாசியும் இருக்கும். வேர் அறுந்திருக்கும். தொட்டியை அசைத்தால் செடி தனியாக ஆடும். 'மலையிலிருந்து நேராக வந்த சரக்கு' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அங்கே வாங்கக் கூடாது. அது சட்டத்துக்கும் விரோதம், காசுக்கும் நஷ்டம். வேர் அறுந்த செடி வீட்டுக்கு வந்து பிழைப்பது அபூர்வம்.

கொடி ஏறும்போது

சிறு வயதில் இந்தச் செடி ரோஜா இதழ் போல இலைகளை வட்டமாகப் பரப்பிக்கொண்டு தரையோடு இருக்கும். அப்போது வரும் குடுவைகள் பருத்து, நூலின் முனையில் உட்கார்ந்தது போல இருக்கும். ஒன்றிரண்டு வருஷம் போனதும் தண்டு நீண்டு ஏறத் தொடங்கும். இது கொடி என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிகிறது.

ஒரு மூங்கில் குச்சியை நட்டு, சணல் நூலால் தளர்வாகக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் தண்டு அறுபடும். மேலே வரும் குடுவைகள் ஒல்லியாக, புனல் போல இருக்கும். அவற்றின் நூல் குச்சியைச் சுற்றி ஒரு சுருள் போட்டுப் பிடித்துக்கொள்ளும். கீழ்க் குடுவைக்கும் மேல் குடுவைக்கும் உருவம் இவ்வளவு மாறுவதால், பழைய காலத்துத் தாவர நிபுணர்களே சில சமயம் ஒரே செடியை இரண்டு செடியாக நினைத்துவிட்டார்கள்.

ஜன்னலைத் தாண்டி ஏறிவிட்டால் வெட்டலாம். வெட்டினால் அடியிலிருந்து புதுக் குருத்து வரும். வெட்டிய தண்டையும் எறிய வேண்டாம். மூன்று இலை இருக்கும்படி துண்டாக்கி, ஒவ்வோர் இலையிலும் பாதியைக் கத்தரித்துவிட வேண்டும். துண்டின் அடியை ஈரப் பாசியில் சுற்றி, சிறு தொட்டியில் வைக்க வேண்டும். மேலே ஒரு கண்ணாடிப் புட்டியைக் கவிழ்க்கலாம். டாக்டர் வார்டின் புட்டிதான் இது! நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்துவிட்டு, தினமும் எடுத்து எடுத்துப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

வேர் விட இரண்டு மாதம் ஆகும். சில சமயம் இன்னும் அதிகமாகும். லேசாக இழுத்தால் வராமல் பிடித்துக்கொண்டால் வேர் விட்டது என்று அர்த்தம். புட்டியை ஒரே நாளில் எடுத்துவிடக் கூடாது. முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று எடுத்து, பத்து நாளில் முழுவதும் எடுத்துவிடலாம். முதலில் வரும் இலையில் பெரும்பாலும் குடுவை இருக்காது. இரண்டாவது மூன்றாவது இலையில் நூல் முனை வீங்கத் தொடங்கும்.